வாய்வு என்று சொல்லிவிடுங்கள்

ராசா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. உன் நலம் எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுதிய ஆறு பக்க ரிப்போர்ட் என் அல்மாரியில், பட்டுச் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. யாரும் சொல்லாமலே அதை அங்கே ஒளித்து வைத்தவள் நான்தான். முப்பது வருசம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள், ஒரு ரத்தப் பரிசோதனை முடிவைத் திருட்டுச் சாமான் மாதிரி சேலைக்கு அடியில் சொருகி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டப் போகிறேன். அதற்கு முன்னால் என்னை நானே திட்டிக்கொள்வதுதான் முறை.

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து போன் எடுத்தாய். மண்டபம், மேளக்காரர், மாலை எல்லாம் பேசினாய். வைக்கும் முன்னால், வாங்க மறந்த சாமான் ஒன்றை ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னாய்: "அம்மா, கௌசி வீட்டுல யாராச்சும் எனக்கு மாத்திரை எதுக்குன்னு கேட்டா, வாய்வுன்னு சொல்லிடுங்க. கல்யாணம் முடியட்டும். பொறகு நானே அவகிட்டச் சொல்லிக்கிறேன்." நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன். கேட்டது காதால்தான், ஆனால் கசப்பு வாயில் வந்து நின்றது. அப்படி ஓர் அருவருப்பு. நீ பொய் சொல்லச் சொன்னது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. தமிழில் இத்தனை வார்த்தை இருக்கும்போது அந்த வார்த்தையை எடுத்தாய் பார், அதுதான் குமட்டியது. உனக்கு அதை நான் சொல்லித் தரவில்லை. ஆனால் நம் வீட்டுச் சுவரில் அது ஊறிப்போயிருக்கிறது, சாய்ந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

நம் குடும்பத்தில் நெஞ்சு நோயால் யாரும் செத்ததில்லை, தெரியுமா? எல்லோரும் வாய்வில்தான் செத்தார்கள். என் சித்தப்பா முப்பத்து நாலு வயதில், காலையில் தோட்டத்து ஆட்கள் வேலைக்கு வரிசையாக நிற்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே விழுந்தார். வாய்வு. என் அப்பா கடைசி இரண்டு வருசம் வாசலில் இருந்த நாலு படியை ஏற நாலு தடவை நின்றார். வாய்வு. கால் வீங்கினால் வாய்வு இறங்கிவிட்டது, நெஞ்சு அடைத்தால் ஏறிவிட்டது. அதற்குப் பூண்டும் ஓமமும் பெருங்காயமும் போட்டுக் காய்ச்சிய ஒரு கருப்புத் தண்ணீர். யாராவது பூண்டு வேகவைத்தால் நான் வீட்டைவிட்டு வெளியே போய்விடுவேன், நீ பார்த்திருக்கிறாய். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வாய்வு யாருக்கும் வரும், யாருக்கும் போகும். வாய்வு இருக்கிற வீட்டில் பெண் எடுப்பார்கள், கொடுப்பார்கள். அதனால்தான் எங்கள் ஆட்களுக்கு அந்த வார்த்தை மேல் அவ்வளவு பாசம். செத்தவனை விட, அடுத்து கல்யாணத்துக்கு நிற்கிறவன்தான் அவர்களுக்கு முக்கியம்.

கண்டியில் அந்த டொக்டர் நோனா ரிப்போர்ட்டை விரித்து வைத்து விளக்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் பாதி சிங்களத்திலும் பாதி இங்கிலீஷிலும் சொல்ல, நீ எனக்குத் தமிழில் சொன்னாய். புரதங்கள் நீளமான நூலாகப் பிறக்கின்றன, சரியாக மடிந்து உருவம் எடுத்தால்தான் வேலைக்கு ஆகும், மடிவதற்குள் கண்டதோடு ஒட்டிச் சிக்காகிவிடாமல் கூடவே போய்ப் பிடித்துக்கொள்ள வேறு புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று டொக்டர் சொன்னபோது நீ தடுமாறினாய். "கல்யாணம் ஆகாத பொண்ணத் தனியா அனுப்ப மாட்டாங்கள்ல, கூட ஒருத்திய அனுப்புவாங்கள்ல, அந்த மாதிரிம்மா. தொணைக்குப் போற ஆளு." அந்தத் துணை ஆட்களுக்கு மேலே இன்னொருவர் இருக்கிறார். எதைப் பிடிக்க வேண்டும், எப்போது கையை விட வேண்டும், திருத்த முடியாமல் கெட்டதை எப்படிக் கழித்துவிட வேண்டும் என்று அவர்தான் பார்க்கிறார். அவரைச் செய்கிற மரபணுவுக்கு பி.ஏ.ஜி. மூன்று என்று பெயர். நம்மிடம் அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பிழை. ஓய்வே இல்லாத இருதயத் தசையில் கழிபட வேண்டியது கழிபடாமல் சேர்ந்து, தசை தளர்ந்து, இருதயம் பெருத்துப் போகிறது. "கங்காணி மாதிரிம்மா. நம்ம வீட்டுல கங்காணி பாதி நாளுதான் வேலைக்கு வர்றாரு" என்று நீ சிரித்தாய். டொக்டருக்கும் அதைச் சிங்களத்தில் சொல்லி, அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு உனக்குக் காரணம் தெரியாது. என் அப்பா இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணி. அவர் துணைக்கு அனுப்பிய ஆள் நான்.

எனக்கும் அந்தப் பிழை இருக்கிறது, என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பாம். என்னை ஐம்பத்தெட்டு வயதிலும் லேசான இருதய வீக்கத்தோடு விட்டிருக்கிறது, உன்னை இருபத்தொன்பதில் பிடித்துக்கொண்டது. இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தெரியாமல் ஒரு மரபணுவைக் கொடுப்பது குற்றமில்லை. தெரிந்து செய்த குற்றம் வேறொன்று இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடமும் சொன்னதில்லை.

கூடத்தில் படமாகத் தொங்குகிற என் அண்ணன், உன் செல்வம் மாமா, வாய்வில் செத்தார் என்றும் அவர் பொஞ்சாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனாள் என்றும் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். இரண்டுமே பொய். அண்ணன் தொழிற்சாலையில் வேலை செய்தார். வஹகோட்டைப் பக்கத்து வேதக்காரக் குடும்பத்தில் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணியின் பெயர் அருள்மேரி. எங்கள் வீட்டில் அண்ணிக்கு அந்தப் பெயர் கிடையாது, "சிலுவைக்காரி"தான். அவர் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்வார்கள். அண்ணனுக்கு முப்பத்தொரு வயதில் மூச்சு வாங்கத் தொடங்கியது. படுத்தால் இருமல், கால் வீக்கம், தூக்கிய பெட்டியைப் பாதி வழியில் கீழே வைப்பார். வீட்டில் பூண்டுத் தண்ணீர் காய்ச்சினார்கள். அண்ணி மட்டும், "இது வாய்வு இல்லைங்க மாமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்" என்று அப்பாவிடம் நேராகவே சொன்னார். அப்படி மருமகள் நேராகப் பேசுவதே எங்கள் வீட்டில் பெரிய குற்றம். ஆனாலும் அண்ணன் கேட்டுக்கொண்டதால் அப்பா விட்டார், என்னைத் துணைக்குப் போகச் சொன்னார். எனக்குப் பதினேழு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். துணை என்றால் உதவிக்கு என்று நினைத்துவிடாதே. அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து வந்து சொல்ல. கிளம்பும்போது அப்பா என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்: "டாக்டரு வீட்டு விசயம் கேட்டா வாயத் தொறக்காத. ஒன் சித்தப்பன் கதையெல்லாம் அங்க எடுக்காத. ஒனக்கும் நாளைக்கு மாப்பிள பாக்கணும், ஞாபகம் வச்சுக்க."

ஆஸ்பத்திரியில் டொக்டர் அண்ணனின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், பிறகு எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, இருதயம் பெருத்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல இப்பிடி இறந்திருக்காங்களா?" அண்ணனுக்குப் பேச மூச்சில்லை. அண்ணி கல்யாணம் முடித்து வந்து மூன்று வருசம்தான், அவருக்குச் சித்தப்பா கதை தெரியாது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியும். பெரட்டுக் களத்தில் சித்தப்பா விழுந்தபோது அவர் சப்பாத்து ஒன்று கழன்று சாக்கடைக்குள் போனது வரை எனக்குத் தெரியும். "இல்லைங்க டொக்டர். அப்பிடி யாரும் இல்ல" என்றேன். பயத்தில் சொன்னேன் என்று நினைத்து என்னை மன்னித்துவிடாதே. பயம் கொஞ்சம்தான். நாளைக்கு வரப்போகிற மாப்பிள்ளையை நினைத்துத்தான் சொன்னேன். மாப்பிள்ளை வருவதற்கு எட்டு வருசத்துக்கு முன்னாலேயே, முகம் தெரியாத அவனுக்காக என் அண்ணனை விற்றேன்.

மாத்திரை கொடுத்தார்கள். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். இருதயம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் எழுந்து, மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு போய் கக்கூஸில் கொட்டிவிட்டு வந்து கையைக் கழுவினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி அடுத்த கிளினிக்குக்குத் தனியாகப் போய் மாத்திரை வாங்கி வந்து, அரிசித் தகரப் பேணிக்குள் மறைத்து வைத்துக் கொடுத்தார். அதையும் நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். துணைக்குப் போகிறவள் வேலை அதுதானே. மூன்றாவது மாதம், ஒரு மத்தியானம், அண்ணன் கதிரையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

சாவு வீட்டில் அப்பாவின் அக்கா வாசலில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு கத்தினார்: "இந்தக் காலு வாசல மிதிச்ச அன்னைக்கே நான் சொன்னேன்! எங்க புள்ளைக்கு என்னாத்தையோ மாத்திரையக் குடுத்து முடிச்சுட்டா!" அண்ணி மடியில் இரண்டு வயதுப் பிள்ளையோடு சவத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்திச் சொன்னார்: "டாக்டரு இருதயம் பெருத்திருக்குன்னு சொன்னாரு. மாத்திரைய ஒழுங்காக் குடுத்திருந்தா இன்னும் இருந்திருப்பாரு." உடனே அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏய், நீதானே தொணைக்குப் போன? நீ சொல்லு. டாக்டரு என்னா சொன்னாரு?" வாசல் முழுக்க ஆள். ஒரு தட்டில் வெற்றிலை கைமாறிக்கொண்டிருந்தது, அது நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "வாய்வுன்னுதான் சொன்னாரு."

அதே வார்த்தை, ராசா. நீ சொல்லச் சொன்ன அதே வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் அண்ணி பொய்காரியாகவும் புருசனைத் தின்றவளாகவும் ஆனார். அவர் என்னைத் திட்டவில்லை, அழவுமில்லை, கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் பிள்ளையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு போனார். ஓடிப் போகவில்லை, நடந்து போனார். பஸ் நிற்கும் இடம் வரை யாரும் கூடப் போகவில்லை. அண்ணி போன பிறகு எங்கள் அத்தை அவர் மிதித்த வாசலைச் சாணி போட்டு மெழுகினார். அந்தச் சாணி நாற்றம் கூட எனக்கு இன்றைக்குப் பெரிதில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் கை கழுவிவிட்டு உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன். எனக்குப் பெரிது அந்தச் சாப்பாடுதான்.

பிறகு படித்தேன், ஆசிரியை ஆனேன், உன் அப்பாவைக் கட்டினேன். வருசா வருசம் பத்தாம் வகுப்புக்குப் பரம்பரைப் பாடம் எடுத்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கருப்படித்துக் காட்ட வேண்டும். யாரோ ஒரு தூர தேசத்து ராஜ குடும்பத்தின் ரத்த நோயைக் கரும்பலகை நிறைய வரைவேன். சித்தப்பாவின் சதுரத்தையும் அண்ணனின் சதுரத்தையும் ஒரு நாளாவது வரைந்து பார்த்தேனா? கை அந்தப் பக்கமே போகவில்லை. தெரியாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் இருப்பதற்கு மெனக்கெட்டேன்.

போன வருசம் நீ உன் ஒபிஸ் கூட்டாளிகளோடு ரிவர்ஸ்டன் மலை ஏறப் போய், பாதி வழியில் பனிக்குள் மயங்கி விழுந்தாய். உன்னைத் தூக்கி வந்து சேர்த்த ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தேன். ஒரு சின்ன வயது டொக்டர், பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "வீட்டுல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை?" "அப்படி ஒண்ணும் இல்ல. வாய்வுதான் கொஞ்சம் உண்டு" என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு சுகமாக வந்தது. அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை, வாசலில் ஆள் கூட்டமும் இல்லை. கட்டிலில் நீ கிடந்தாய், அப்போதும் அதைத்தான் சொன்னேன். என் பதிலை நம்பி, நீர்ச்சத்து குறைவு என்று உன்னை அனுப்பிவிட்டார்கள். அதில் ஐந்து மாதம் போனது. கண்டி டொக்டர் நோனாதான் ஹார்ட் என்ற பேச்சையே எடுக்காமல், "அம்மா, ஐம்பது வயசுக்கு முந்தி செத்தவங்க பேரு மட்டும் சொல்லுங்க. எப்பிடி செத்தாங்கன்னு நான் பாத்துக்கிறேன்" என்று உன் வழியாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பொய் தயாராக இல்லை. அதனால் பெயர்களைச் சொன்னேன். உன் உயிர் தப்பியது என் நேர்மையால் இல்லை, அவர் கேட்ட விதத்தால்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன் நீயும் கௌசியும் சேலை காட்ட வந்தீர்களே, அன்றைக்கு மேசையில் உன் மாத்திரைகள் ஒரு விட்டமின் போத்தலுக்குள் இருந்தன. மூன்று நிற மாத்திரையையும் லேபலில்லாமல் அதற்குள் கொட்டி வைத்திருந்தாய். என் அப்பா கக்கூஸில் கொட்டினார், நீ போத்தலில் கொட்டினாய், அவ்வளவுதான் வித்தியாசம். நீ வெளியே போன நேரம் கௌசி அதைக் கையில் எடுத்து, "அத்தை, இவருக்கு என்னா விட்டமின் இவ்வளவு? கலர் கலரா இருக்கு" என்று கேட்டாள். நான் "தேத்தண்ணி ஆறிடப் போகுது, குடிம்மா" என்றேன். அதைச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய், இல்லாத வேலையைச் செய்தேன். உன் அப்பாவோ, "ஊரு ஒலகத்துல யாரு எல்லாத்தையும் சொல்லிட்டாக் கட்டுறாங்க? முடியட்டும், பாத்துக்கலாம்" என்கிறார். அவர் நல்ல மனுசன்தான், ஆனால் நம் ஆட்களில் நல்லவர்களுக்கும் இந்த "முடியட்டும்" என்கிற வியாதி இருக்கிறது. இதற்கு இன்னும் யாரும் மரபணு கண்டுபிடிக்கவில்லை.

நிச்சயதார்த்தத்தில் கௌசியின் அம்மா பெருமையாகச் சொன்னது உனக்கு ஞாபகமிருக்கா? "எங்க பொண்ணு கால் வச்ச எடம் வெளங்கும் சம்பந்தி" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் மட்டும் சிரித்து முடிக்கும் முன்னே அந்தக் காலைப் பார்த்தேன். ரத்தினம் மாதிரிப் பிள்ளை, இரத்தோட்டையில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். நாளைக்கு உனக்கு ஒன்று ஆனால், சாவு வீட்டில் அந்தக் காலைத்தான் குற்றம் சொல்வார்கள். என் அத்தை செத்துவிட்டார், ஆனால் அவர் வாய் சாகவில்லை, நம் சொந்தக்காரர்களிடம் பத்திரமாக இருக்கிறது. நீ சொல்லாமல் கட்டினால், அந்த வாய்க்கு ஓர் ஆளைப் பிடித்துக் கொடுக்கிறாய். அதை மகன் செய்யும்போது, செய்தவளாகிய நான் சும்மா இருக்க முடியாது.

அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்று பயப்படுகிறாய். சொல்லலாம், அவளுக்கு அந்த உரிமை உண்டு. சொன்னால் நீ அழுவாய், நானும் உன்னோடு உட்கார்ந்து அழுவேன், அதோடு போகும். பிள்ளை பெறுவதா, முன்னாலேயே பரிசோதித்துப் பார்ப்பதா, வேண்டாம் என்று இருப்பதா என்று யோசிக்க வேண்டியது அவளும்தான், ஏனென்றால் அது அவள் உடம்பு. கல்யாணத்துக்குப் பிறகு சொல்வது சொல்வதே இல்லை, ராசா. ஓடுகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு எங்கே போகிறது என்று சொல்கிற வேலை. நீ முதலில் சொல். மாத்திரையைச் சரியான போத்தலில், சரியான நேரத்தில், எல்லோர் முன்னாலும் விழுங்கு. டொக்டர் சொன்னபடி நடந்தால் நீ வெகு காலம் இருப்பாய். என் அண்ணனுக்குக் கிடைக்காத மருந்துகள் இன்றைக்கு இருக்கின்றன.

இதை உனக்கு எழுதிவிட்டு நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வெறும் பிரசங்கம். அதனால் செவ்வாய்க்கிழமை மாத்தளையிலிருந்து கலேவெல பஸ்ஸில் ஏறி, வஹகோட்டைக்குப் போனேன். நாற்பது வருசம் போகாத இடத்துக்கு, ஒரு பஸ் தூரம்தான். வேதக் கோயிலடியில் பெயர் சொல்லிக் கேட்டதும் காட்டினார்கள். அண்ணி கோயிலுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி விற்கிறார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. "எதுக்கு வந்த?" என்றார். நான் நின்றபடியே, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, உடனே பரிசோதிக்க வேண்டும் என்றேன். அவர் மெழுகுவர்த்திகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்த பிறகு, "ஜெசிக்குத்தானே? அவளுக்கு ஆறு வருசமாத் தெரியும்" என்றார்.

ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவரே சொன்னார்: "அன்னைக்கு டாக்டரு கேட்டப்போ நீ இல்லைன்னு சொன்ன. நான் ஒன் மூஞ்சியப் பாத்தேன். பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியாதா? அப்ப ஒங்க வீட்டுல இந்த வியாதி இருக்குன்னு அன்னைக்கே புரிஞ்சுகிட்டேன். அன்னையிலருந்து ஜெசிய எந்த டாக்டருகிட்டக் கொண்டு போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும் சொல்லுவேன். இவ அப்பா முப்பத்தொண்ணுல இருதயம் பெருத்துப் போனாரு, அந்த வீட்டுல இன்னும் ஆளுக இருக்கு, கேட்டா இல்லைம்பாங்க, எழுதிக்கங்கன்னு. எல்லாரும் எழுதிக்கிட்டாங்க. ஆறு வருசத்துக்கு முந்தி படத்துல தெரிஞ்சுது. நெஞ்சுல ஒரு சின்னப் பெட்டி வச்சிருக்காங்க. ரெண்டு புள்ளையோட நல்லா இருக்கா." நான் காலில் விழப் போனேன். "எந்திரி, மெழுகு மேல விழுந்துறாத" என்று அதட்டினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க எனக்கு அருகதை இல்லை. கிளம்பும்போதுதான் உன்னைப் பற்றிக் கேட்டார். கல்யாணம் என்றேன். "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். அவர் கை நின்றது. சீ என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ஒன் மகனுக்குப் பயமா இருந்தா, நான் தொணைக்கு வர்றேன்னு சொல்லு" என்றார்.

கௌசியிடம் நீ சொன்ன மறுநாள் இந்தக் கடிதத்தை அப்படியே நம் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போடப் போகிறேன். சித்தப்பாவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பரிசோதிக்க வேண்டும். என்னைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும், நாற்பது வருசப் பாக்கி அது. நீ சொல்லாமல் மணவறையில் உட்கார்ந்தால், தாலித் தட்டைத் தொட என் கை வராது. இது மிரட்டல் இல்லை, என் கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நானும் அண்ணியும் கௌசி வீட்டுக்குப் போகிற இரத்தோட்டை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்போம். நாங்கள் துணைக்கு மட்டும்தான் வருவோம், பேச வேண்டியவன் நீ.

இன்னும் ஒன்று. வஹகோட்டையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அது எனக்கு உறைத்தது. அன்றைக்கு அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது, கௌசி போத்தலைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், ராசா. நீ சொல்கிறாயா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா